வாட்டம் நீக்கப்பட்டது

எழுத்தாளனாக வேண்டும் என்று முப்பது வருடமாக ஆசைப்படுகிறேன். இதுவரை நான் எழுதியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் உலகத்தில் எதையாவது மாற்றியிருக்கிறது. அது ஒரு பெண்ணின் வேலையைப் போக்கியது. அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து, சாய்ந்து உட்கார்ந்து, அதை இன்னொரு முறை வாசித்து ரசித்தேன்.

பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதைகளில் ஒன்று இல்லை அது. ஓர் எஃகுக் கட்டையின் வரைபடத்தில், வலது கீழ்மூலையில், குறிப்புகள் என்று ஒதுக்கியிருக்கும் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் இருந்தது.

என் தொழிலை விளக்கினால் சொந்தக்காரர்கள், "ஜெராக்ஸ் கடை மாதிரியா?" என்று கேட்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, கிட்டத்தட்ட அதுதான். பென்னலூரில் ஒரு மாடியில் இரண்டு அறை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஏதாவது ஒரு மெஷினில் ஏதாவது ஒரு பாகம் தேய்ந்திருக்கும். அதற்கு வரைபடம் இருக்காது. மெஷினைச் செய்த கம்பெனி எங்கோ கடல் தாண்டி இருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். இஸ்திரிப்பெட்டி அளவு ஸ்கேனர், வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவேன். எஃகு பளபளத்தால் ஸ்கேனருக்குக் கண் கூசும். அதனால் முதலில் பாகத்தின் மேல் வெள்ளைப் பவுடர் அடிக்க வேண்டும், விபூதி அபிஷேகம் போல. பிறகு லேசர் ஒளியை நாலாபுறமும் ஓட்டினால் கம்ப்யூட்டர் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளாக அந்தப் பாகம் எழுந்து நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து நான் வரைபடம் போடுவேன். என் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் புதுப் பாகத்தைக் கடைந்து கொடுப்பார்.

இதில் எங்கே திறமை என்று கேட்கலாம். நானே என்னைக் கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கேனர் 17.83 என்று சொல்லும். அதை அப்படியே வரைபவன் கத்துக்குட்டி. தேய்மானத்தைக் கழித்து, செய்தவன் நினைத்தது 18 என்று கண்டுபிடித்து, 18 என்று போடுபவன்தான் தொழில் தெரிந்தவன். சிதைந்த ஏட்டைப் படித்து மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். எது மூலம், எது பாடபேதம், எது இடைச்செருகல் என்று ஆராய்கிறேனாம். பழைய ஏடுகளோடு மாரடித்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் எழுந்து வந்து அறைந்திருப்பார்கள். நல்லவேளை, என் நண்பர்கள் யாரும் அவ்வளவு படித்தவர்கள் இல்லை.

வேறு எங்கும் எழுத இடம் கிடைக்காததால் குறிப்புகள் கட்டத்தில் எழுதத் தொடங்கினேன். "இத்துளையின் நோக்கம் புலப்படவில்லை, இருந்தும் இருக்கிறது" என்று ஒரு கியர் பெட்டி மூடியில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், தொழிற்சாலை வழக்கம் அப்படி. யாரும் படித்ததில்லை. கடைசல்காரர்கள் எண்களை மட்டும் பார்ப்பார்கள். கட்டத்தின் கீழே 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் என் முதலெழுத்துதான். நானே எழுதி நானே படித்து நானே ஒப்புதலும் கொடுத்துக்கொண்ட அந்த ஏற்பாடு பல வருடம் யாருக்கும் தீங்கு செய்யாமல் ஓடியது.

ஒரகடத்தில், கார் கம்பெனிக்கு அலுமினிய வார்ப்புகளைத் துளையிட்டுக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. துளைபோடும் மெஷினில் வார்ப்பு உட்காருவதற்கு இடது, வலது என்று உள்ளங்கை அளவில் இரண்டு எஃகுக் கட்டைகள் உண்டு. ஒவ்வொரு வார்ப்பும் அதன்மேல் அசையாமல் ஒரே மாதிரி உட்கார்ந்தால்தான் துளை சரியான இடத்தில் விழும். வருடக்கணக்கில் வார்ப்புகளைச் சுமந்து இரண்டு கட்டைகளும் மேலே தேய்ந்துவிட்டன. புதிதாகச் செய்ய வரைபடம் வேண்டும்.

மெஷினை நிறுத்திக் கட்டைகளைக் கழற்றி ஒரு மேஜையில் வைத்திருந்தார்கள். நான் பவுடர் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த மெஷினை ஓட்டும் பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி. கழுத்தில் நீலக் கயிற்றில் அடையாள அட்டை.

"இன்னா சார், கட்டைக்கு மருந்து அடிக்கிறீங்களா?"

"மருந்து இல்லம்மா, பவுடர். போட்டோ எடுக்கப்போறேன்."

"எங்கள கார்டுக்கு போட்டோ எடுக்க சொல்லோ பவுடரு குடுக்கவே இல்ல சார். இதுக்கு வந்த வாழ்வப் பாரு."

பக்கத்து மெஷினில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அடுத்த மாசம் மறுபடி எடுப்பாங்க சார். அப்ப நானே வாங்கியாந்து பூசிக்கிறேன். கயிறு மாறுது."

கயிறு மாறுவது என்றால் என்ன என்று பக்கத்தில் நின்ற சூபர்வைசர் விளக்கினார். அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நீலக் கயிறு காண்ட்ராக்ட் ஆட்களுக்கு, பச்சைக் கயிறு கம்பெனியின் நிரந்தர ஆட்களுக்கு. அந்த அம்மா ஏழு வருடமாக நீலம். அதற்கு முன் இதே வளாகத்தில் ஷெட் எழும்பியபோது சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். இந்த முறை பச்சைக்குப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

"பட்டியல்தான் சார், கழுத்துல வந்தாதான் நிஜம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மேஜையருகே வந்தார். இடது கட்டையின் உள்விளிம்பில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நான் அடித்த பவுடர் அவர் விரலில் ஒட்டியது.

"சார், இந்தக் கட்டையில இந்தாண்ட ஒரு வாட்டம் கீது. அத எடுத்துடாதீங்க. எடுத்துட்டா பீஸு குந்தாது."

வாட்டம் என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை. தண்ணீர் வடிவதற்காகத் தளத்தில் வேண்டுமென்றே கொடுக்கும் சரிவு. என் வீட்டுக் குளியலறையில் அது சரியில்லை என்று கொத்தனாரோடு இரண்டு நாள் சண்டை போட்டவன் நான். ஆனால் படித்தவனுக்கு ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் இன்னொரு பொருள்தான் முந்திக்கொண்டு வரும்.

"வாட்டத்தைப் போக்கறதுக்குத்தாம்மா நான் வந்திருக்கேன்" என்றேன்.

முகவாட்டம், பயிர்வாட்டம், அதெல்லாம் தொனிக்கும்படி சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் சிரிக்கவில்லை.

"இல்ல சார். வாட்டம் வோணும்."

"நீங்க போங்கம்மா, சாருக்குத் தெரியாததா" என்றார் சூபர்வைசர்.

போய்விட்டார். கொஞ்சதூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் அறையில் புள்ளிகளைத் திரையில் விரித்தேன். அளவு சரியாக இருக்கும் இடம் பச்சையாகவும் குறையும் இடம் நீலமாகவும் தெரியும். இரண்டு கட்டைகளின் மேல்முகமும் வெளிர்நீலம். அது தேய்மானம், எதிர்பார்த்தது. இடது கட்டையின் உள்விளிம்பில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் அடர்நீலத் திட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் சாய்வான கோடுகள். தேய்மானம் அப்படிக் கோடு போடாது. அரத்தால் யாரோ ராவியிருக்கிறார்கள். வலது கட்டையில் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய ஜோடி.

இடைச்செருகல் என்று முடிவு செய்தேன். அந்த அம்மா சொன்னது காதில் இல்லாமலில்லை. ஆனால் ஏட்டைப் பிரதி எடுத்தவர் சொல்வதையெல்லாம் பதிப்பாசிரியர் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா. எடுத்துவிட்டேன். எடுத்ததோடு விட்டிருக்கலாம். வரைபடத்துக்கு வேண்டியது "இரண்டு கட்டைகளும் ஒரே அளவு" என்ற நான்கு சொல் மட்டும். நான் எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "இடது கட்டையில் காணப்படும் சரிவு மூல வடிவமைப்பைச் சேர்ந்ததன்று, பெயர் தெரியாத ஒரு கையின் அரத்தால் பின்னாளில் செருகப்பட்டது, இங்கு நீக்கப்பட்டுள்ளது."

பெயர் தெரியாத ஒரு கை. அதற்குத்தான் காபி.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் மேனேஜர் போன் செய்தார். "சார், உங்க டிராயிங்படி செஞ்ச கட்டை போட்டதுலேர்ந்து ஹோல் எல்லாம் அவுட்டு. ரிஜெக்ஷன் குமிஞ்சு கிடக்கு. கொஞ்சம் வர்றீங்களா?" மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதை அதிகமாக இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

போய் முதலில் புதுக் கட்டைகளை அளந்தேன். வரைபடம் சொன்னபடி நூலளவு பிசகில்லை. என் வரைபடம் சரி, கட்டைகள் சரி, உலகம்தான் தப்பு என்று ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு ஒரு வார்ப்பை எடுத்து நானே கட்டைகளின் மேல் வைத்தேன். ஒரு மூலை டக் டக் என்று ஆடியது. இன்னொன்றை வைத்தேன். அசையாமல் உட்கார்ந்தது. ஆடிய வார்ப்பில் 2 என்று அச்சு இருந்தது, ஆடாததில் 1. வார்ப்புகள் வெளியே ஒரு பட்டறையிலிருந்து வருகின்றன. அங்கே உருக்கி ஊற்றும் ஒரே அச்சில் 1, 2 என்று இரண்டு குழி. இரண்டாவது குழியில் எப்போதோ விரிசல் விட்டு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றுபோன பள்ளம், அங்கே பிறக்கும் ஒவ்வொரு வார்ப்பிலும் நகக்கனத்துக்கு ஒரு மேடாக வந்துவிட்டது. மேடு கட்டையில் முட்டுகிறது, வார்ப்பு சாய்கிறது, துளையும் சாய்கிறது.

பழைய கட்டையைக் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். கழிவு என்று காட்ட அதில் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டாம் நம்பர் வார்ப்பை அதன்மேல் வைத்தேன். அரம் ராவிய அந்தச் சரிவுக்குள் மேடு போய் அடங்கியது. வார்ப்பு கொஞ்சம்கூட அசையவில்லை.

பீஸு குந்தியது.

மெஷினில் இப்போது வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தார். நான் சூபர்வைசரிடம், "அந்தம்மா எங்க? வேற ஷிஃப்டா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "வாங்க, டீ சாப்பிடுவோம்" என்றார். கேன்டீனுக்குப் போகும் வழியில், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், குறைபாடு மிகக் குறைவான லைனுக்கான கேடயம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்துப் போட்டோவில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான். டீ வந்ததும் என்னை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினார்.

"கஸ்டமர் ஆடிட் வந்துச்சுண்ணே. கார் கம்பெனிக்காரங்க. ஃபைலப் புரட்டும்போது உங்க டிராயிங் மாட்டுச்சு. அந்தக் குறிப்ப வாசிச்சிட்டு, 'யாரு இந்தக் கை?'ன்னு கேட்டாங்க. எங்களக் கேக்காம கட்டைய ராவுனது யாரு, எத்தன நாளா அதுல பீஸ் ஓடுதுன்னு. இதெல்லாம் அவங்களுக்குப் பெரிய குத்தம்ண்ணே."

"நீங்க அந்தம்மா பேரச் சொன்னீங்களா?"

"நான் ஏண்ணே சொல்றேன். லைன்ல எல்லாரையும் நிப்பாட்டிக் கேட்டாங்க. அந்தம்மாவே 'நான்தான் ராவுனேன், ராவுனப்புறம்தான் பீஸு ஒழுங்கா வருது'ன்னு சொல்லிடுச்சு. பாராட்டுவாங்கன்னு நெனச்சுதோ என்னமோ. மறுநாள் காண்ட்ராக்டர் கார்ட வாங்கிட்டாரு."

டீயை ஊதிக்கொண்டே கேட்டேன். "அரம் அந்தம்மாவுக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

அவர் கோப்பையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான்தாண்ணே டூல் ரூம்ல வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வருசம் இருக்கும். அந்த மேடு வர ஆரம்பிச்சப்ப தெனமும் ரிஜெக்ஷன், தெனமும் ஏச்சு. பட்டறைக்கு எழுதுனா பதில் வரல. அதுவா ராவித் தரேன்னுச்சு, சரின்னேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வாயத் தொறந்திருக்கணும். எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குல்ல. நீங்க என்னத் தப்பா நெனைக்கக்கூடாது."

நினைக்கவில்லை. அவர் பேசாமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான். பேசாமல் இருக்க முடியாதவன் எதிரில் உட்கார்ந்து அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் அறையில் என் வரைபடம் மேஜைமேல் விரித்திருந்தது. குறிப்புகள் கட்டத்தில் என் வாக்கியத்தை மஞ்சள் மையால் யாரோ தடவியிருந்தார்கள். என் எழுத்தை ஒருவர் அடிக்கோடிட்டுப் படித்தது அதுவே முதல்தடவை.

மேட்டையும் சரிவையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "பிரமாதம் சார். வந்து அரைமணியில கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார்.

"நான் கண்டுபிடிக்கல சார். அந்தம்மா கண்டுபிடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. என்கிட்ட சொல்லவும் சொன்னாங்க. அவங்கள எப்படியாவது திரும்ப எடுக்கணும் சார்."

"அவங்க மேல என்ன தப்புன்னு எங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க." குரலில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். "இப்போ அது காண்ட்ராக்டர் விஷயம். நம்ம கையில இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்தச் சரிவோட புது டிராயிங் போட்டுக் குடுங்க. கஸ்டமர் பாத்தா திருப்தியா இருக்கணும். டிசைன் இம்ப்ரூவ்மென்ட்னு நல்ல இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டுடுங்க. உங்களுக்குச் சொல்லவா வேணும்."

போட்டேன். மறுக்கலாம் என்று தோன்றியது உண்மை. ஸ்கூட்டரில் வீடு திரும்பும் வரை மறுத்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை உட்கார்ந்து போட்டேன். கையோடு கொண்டுவந்திருந்த பழைய கட்டையின் சரிவைத் திரும்ப அளந்தேன். ஆழம் 0.4 மில்லிமீட்டர். கையால் ராவியது என்று நம்ப முடியாதபடி கடைசிவரை ஒரே சீர். அதை எண்ணாக்கி, கோணம் குறித்து, "வார்ப்பின் அமர்வை மேம்படுத்தும் வடிவமைப்பு மாற்றம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சின்ன வாக்கியம், கச்சிதமான வாக்கியம். 'வரைந்தவர்' என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று கொஞ்சநேரம் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு என் முதலெழுத்தைப் போட்டேன். சரிபார்த்தவரும் நான்தான். அன்றைக்குக் காபி போடவில்லை என்பதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விடுவதே நல்லது.

அந்த அம்மா வடக்குப்பட்டுப் பக்கம் புதிதாகக் கட்டும் ஒரு ஷெட்டில் மறுபடி சித்தாளாகப் போகிறார் என்று சூபர்வைசர் சொல்லியிருந்தார். உடனே போய்ப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த வழியாகப் போக வேண்டியிருந்தபோதெல்லாம் வேறு வழியாகப் போனேன். கடைசியில் ஒரு நாள் காலை, வேறு வழி மண் லாரிகளால் அடைத்துக் கிடந்ததால் போனேன்.

ஷெட்டின் ஓரத்தில், வருங்காலத் தொழிலாளர்கள் கை கழுவப்போகும் இடத்தில் முந்தின நாள் பூசிய தளத்துக்கு ஓரம் பூசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டப்பலகையோடு குந்தியிருந்தார். அந்த அம்மா கலவைச் சட்டியோடு நின்றிருந்தார். ஆண்சட்டை, தலையில் துண்டு. சுவரோரம் அவருடைய சாப்பாட்டுப் பை. அதன் வாயை நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. "தோ, பவுடரு சார். இன்னா இந்தப் பக்கம்?"

வரும்போது தயாரித்து வந்த பேச்சு முழுவதும் மறந்துபோய், "உங்க வேலை போனது என்னாலதாம்மா" என்றேன். குறிப்பைப் பற்றிச் சொன்னேன். நான் எழுதிய வாக்கியத்தைத் தமிழாக்கிச் சொல்லும்போது அதன் அழகு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். மேஸ்திரிகூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீயா அது? நான் அந்த சூபர்வைசருதான் போட்டுக் குட்துட்டான்னு இருந்தேன்" என்றார். தொழிற்சாலைக்குள் என்னை நீங்க என்றவர். "கார்டு போனதுலேர்ந்து அவன் போன் பண்ணா எடுக்கல. பாவம்."

"இப்ப உங்க வாட்டத்த டிராயிங்ல சேத்தாச்சும்மா. உங்க மெஷின்ல அதேதான் மாட்டியிருக்காங்க. பீஸ் நல்லா குந்துது."

அதில் மட்டும் அவருக்கு அக்கறை வந்தது. "எத்தினி போட்ட?"

"பாயிண்ட் நாலு."

"எனக்கு அளவு இன்னா தெரியும். ராவறது, ஒரு பீஸ வெச்சுப் பாக்கறது, மறுபடி ராவறது. கண்ணுக்கு வந்த ஒடன நிப்பாட்டிட்டேன்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "பாயிண்ட் நாலாம் மேஸ்திரி."

"அதுல உன் பேரு போட்டுகீறாங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தளத்தைப் பார்த்தேன். பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதறேம்மா" என்றேன் அவசரமாக. "மேனேஜருக்கு இல்ல, அவருக்கும் மேல. ஆதியிலேர்ந்து என்ன நடந்துச்சு, நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க, நான் என்ன தப்பு பண்ணேன், எல்லாத்தையும் வெளக்கமா எழுதறேன். கேக்கறவங்க மனசு மாறும். நான் நல்லா எழுதுவேன்."

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"வோணா சார். நீ ஒண்ணியும் எழுதாத. கொஞ்சம் அந்தாண்ட நவுந்து நில்லு, வாட்டம் பாக்கணும், தண்ணி ஊத்தப் போறேன்."